மிச்சமான நேரம் யாருடைய வரவு?

மும்பையில் தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதி ஒன்றில் உள்ள கிளையில் நாங்கள் பணியாற்றிய காலம். ஒரு நாள் பிற்பகல் பெண் வாடிக்கையாளர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். கேட்ட தொகை 40,000 ரூபாய். வீட்டில் இருக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு நாளைக்கு நான்கு முறை அரைக்க வேண்டியிருக்கிறது என்றும், ஒரே முறையில் அரைத்து முடிக்கும்படி பெரிய கிரைண்டர் ஒன்று வாங்க வேண்டும் என்றும் சொன்னார். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவினோம். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றும், ‘மாத வருமானம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும் எழுதினோம். அவரைக் கேட்டு எழுதவில்லை, பழக்கத்தால் எழுதிவிட்டோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. பையிலிருந்து நூல் கட்டிய ஒரு தாள் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் நாட்காட்டியில் அன்றன்று கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எத்தனை கிலோ இட்லி மாவு, யார் வீட்டுக்கு, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று பென்சிலில் எழுதியிருந்தது. மூன்று ஆண்டுக் கணக்கு அது. “இதுல வருமானம் இருக்கு சார்” என்றார்.

அந்தப் படிவத்தை அடித்துத் திருத்தினோம். ஆனால் அன்று எழுந்த கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. வீட்டு வேலையை எளிதாக்கும் கருவிகள் நம் நாட்டுக் குடும்பங்களுக்கு வரத் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றை வாங்கக் கடனும் தவணை வசதியும் வங்கிகள் தருகின்றன. ஒவ்வொரு கருவியும் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லியே விற்கப்படுகிறது. அப்படி மிச்சமான நேரம் எங்கே சென்றது? அது யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது? இக்கட்டுரை அந்தக் கணக்கைச் சற்றே சரிபார்க்க முயல்கிறது.

கைவலியும் காத்திருப்பும் புகையும்

இரண்டு தலைமுறைக்கு முந்தைய வீட்டு வேலையை நினைவுகூர்வோம். தென்னாட்டில் ஆட்டுக்கல், அம்மி, உரல், திருகை. வடநாட்டில் கோதுமை அரைக்கும் கைச்சக்கி. வங்கத்தில் நெல் குத்தக் காலால் மிதிக்கும் டேங்கி. அடுப்புக்கு விறகு, சுள்ளி, வரட்டி, கரி. தண்ணீருக்குக் கிணறு அல்லது குளம். துணிக்குத் துவைகல். பெயர்கள் மாறினாலும் நாடெங்கும் இவற்றில் மூன்று பொதுக்கூறுகள் இருந்தன. முதலாவது, உடல் வலிமையைக் கோரும் உழைப்பு. இரண்டாவது, அடுப்பை விட்டு அகல முடியாத காத்திருப்பு. மூன்றாவது, கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும் புகை.

இந்த வேலை முழுவதையும் ஒருத்தியே செய்ததில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் மாமியார், மருமகள்கள், நாத்தனார், வளர்ந்த பெண் குழந்தைகள் அதைப் பங்கிட்டுக்கொண்டனர். வசதியுள்ள வீடுகளில் மாவாட்டவும் நெல் குத்தவும் கூலிக்கு ஆள் வந்தது. துணிக்குச் சலவைத் தொழிலாளி வந்தார். விறகு பிளப்பது, மூட்டை சுமப்பது போன்ற சிலவற்றை ஆண்களும் செய்தனர். பின்னால் நிகழ்ந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பங்கீடு முக்கியமானது.

கருவிகள் வந்த வழி

நம் நாட்டுச் சமையலறையின் தோற்றத்தை மாற்றிய கருவிகளுள் பல, 1950களின் நடுவிலிருந்து 1960களின் நடுவரையிலான பத்தாண்டுகளுக்குள் வந்தவை. கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கை செய்த வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. கல் மட்டும் அப்படியே இருந்தது. கல்லைக் கைவிடாததே அதன் வெற்றிக்குக் காரணம் எனலாம். பிற்காலத்தில் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1958ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் உள்நாட்டிலேயே குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. 1959ஆம் ஆண்டில் பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் ஆகிய பெயர்களில் பிரஷர் குக்கர்கள் இந்தியாவில் உருவாகத் தொடங்கின.

குக்கரின் செயல்முறை எளிமையானது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் வெப்பம் உயராது. மூடி இறுகி நீராவி உள்ளே அடைபடும்போது கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்கிறது. அதனால் துவரம்பருப்பும் ராஜ்மாவும் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே வெந்துவிடுகின்றன. எரிபொருள் மிச்சமாவதைக் காட்டிலும் பெரிய பயன் இன்னொன்று உண்டு. அடுப்பருகே நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. விசிலின் ஓசை நமக்காகக் காவல் இருக்கிறது.

மிக்சியின் வரலாறு இன்னும் சுவையானது. மேலைநாட்டுக் கருவிகள் பழச்சாறு பிழியவும் மாவு கலக்கவும் ஏற்றவை. ஊறவைத்த உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் அரைக்கும்போது அவற்றின் மோட்டார் தாங்காது. மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் வெளிநாட்டுக் கருவி இவ்வாறு பழுதடைந்தது. பொறியாளரான அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், நம் நாட்டுச் சமையலுக்கு ஈடுகொடுக்கும் வலுவான மோட்டாரோடு 1963ஆம் ஆண்டில் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார். இல்லத்தரசி ஒருவரின் தேவையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது.

சமையல் எரிவாயு 1950களின் நடுப்பகுதியில் பம்பாயில் அறிமுகமானது. இண்டேன் நிறுவனத்தின் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில் வழங்கப்பட்டது. அதன்பின் நீண்ட காலத்துக்கு எரிவாயு இணைப்பு கிடைப்பதே அரிதாக இருந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நம் வாசகர்களுள் மூத்தவர்கள் நன்கு அறிவர். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம், ஏழைக் குடும்பத்தின் எரிவாயு இணைப்பைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே வழங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் அவ்வாறு அளிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் விலையின்றி வழங்கப்பட்டதால், வசதி படைத்தோர் வீட்டுப் பொருள்களாக இருந்தவை எளியோர் வீடுகளுக்கும் சென்றன.

குறைந்தது எது, குறையாதது எது?

இத்தனை கருவிகள் வந்தபின் வீட்டு வேலை செய்யும் நேரம் பெருமளவு குறைந்திருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். கணக்கு வேறுவிதமாக இருக்கிறது.

இக்கேள்வியை முதலில் ஆராய்ந்தது அமெரிக்கா. அங்கே மின்சாரமும் குழாய்நீரும் சலவை இயந்திரமும் பரவிய காலத்தை ஆய்வு செய்த ஜோன் வானெக், வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசி 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார் என்றும், 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது என்றும் 1974ஆம் ஆண்டில் எழுதினார். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கான காரணங்களை விளக்கினார். கருவிகள் முதலில் விடுவித்தது ஆண்களையும் குழந்தைகளையும் வேலையாள்களையுமே என்பது அவர் கண்ட முடிவு. எரிவாயு வந்ததும் விறகு பிளக்கும் வேலை மறைந்தது. அது பெரும்பாலும் ஆணின் வேலை. சலவை இயந்திரம் வந்ததும் வெளியே சென்ற துணி வீட்டுக்குத் திரும்பிவந்தது. அது பெண்ணின் வேலையாயிற்று.

நம் வீடுகளிலும் இதையே காண்கிறோம். ஆட்டுக்கல் காலத்தில் பல வீடுகளில் இட்லியும் தோசையும் பண்டிகை நாள் பலகாரங்கள். கிரைண்டர் வந்தபின் அவை அன்றாட உணவாயின. குளிர்சாதனப் பெட்டி வந்தபின், வாரத்துக்கு ஒரு முறை அரைத்து நாள்தோறும் சுட்டுத்தர வேண்டியதாயிற்று. சலவை இயந்திரம் வந்தபின் ஒரு முறை உடுத்திய உடையும் அழுக்குக் கூடைக்குச் செல்கிறது. காலையில் ஒருவருக்குச் சப்பாத்தி, ஒருவருக்குப் பொங்கல், பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு டப்பா என்று வகைகள் பெருகின. வேலை எளிதானபோது எதிர்பார்ப்பும் உயர்ந்தது. வருமானம் உயர்ந்தவுடன் செலவும் உயர்ந்து சேமிப்பு பழைய நிலையிலேயே நிற்கும் குடும்பங்களை வங்கியில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். நேரத்துக்கும் அதே விதி பொருந்துகிறது.

அதே காலத்தில் கூட்டுக் குடும்பங்கள் சிறு குடும்பங்களாயின. நான்கு பெண்கள் பகிர்ந்து செய்த வேலையை ஒரு பெண்ணும் நான்கு கருவிகளும் சேர்ந்து செய்யத் தொடங்கினர். கருவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தெரியாது.

இதனால் கருவிகளால் பயனில்லை என்று பொருளன்று. கைவலியும் புகையும் குறைந்ததே பெரும்பேறு. எரிவாயு உள்ளிட்ட தூய எரிபொருளால் சமைக்கும் குடும்பங்கள் 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் 43.8 விழுக்காடாக இருந்தன. 2019-21ஆம் ஆண்டின் ஆய்வில் 58.6 விழுக்காடாக உயர்ந்தன. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஊரகக் குடும்பங்களுள் 3.23 கோடி வீடுகளுக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டிவிட்டது. குடத்தைத் தலையில் சுமந்து நடந்த தொலைவு மறைந்தால், அந்த நேரம் உண்மையாகவே திரும்பக் கிடைக்கிறது. ஆயினும் உழைப்பின் கடுமை குறைந்த அளவுக்கு உழைக்கும் நேரம் குறையவில்லை என்பதே நாம் காணும் உண்மை.

நிமிடக் கணக்கு

நம் நாட்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதே ஆய்வின் கேள்வி. வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். மேலும், பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் இவ்வேலைகளைச் செய்தனர். ஆண்களுள் செய்தவர்கள் 26.1 விழுக்காட்டினரே.

2024ஆம் ஆண்டில் இதே ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டது. பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகவும் ஆண்களின் நேரம் 88 நிமிடங்களாகவும் இருந்தன. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்கு மிச்சமானது நாளொன்றுக்குப் பத்து நிமிடம். ஆணுக்கு மிச்சமானது ஒன்பது நிமிடம். ஆகவே, பெண் மிச்சப்படுத்திய பத்து நிமிடமும் ஆண் பங்கேற்றதால் வந்தது என்று சொல்ல வழியில்லை.

வங்கிப் பழக்கத்தின்படி இதை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 289 நிமிடம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,758 மணி நேரம். எட்டு மணி நேரம் கொண்ட வேலை நாள்களாகப் பிரித்தால் 220 நாள். ஞாயிறும் விடுமுறைகளும் விடுப்பும் கழித்து ஓர் அலுவலக ஊழியர் ஓராண்டில் பணிக்கு வரும் நாள்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களுள் 41 விழுக்காட்டினர் பராமரிப்பு வேலையில் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகின்றனர் என்று அதே 2024ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. படிவத்தில் ‘இல்லை’ என்று நாங்கள் எழுதிய வரிக்குப் பின்னால் இத்தனை மணி நேரம் இருக்கிறது.

வேலையும் மாறியது

வீட்டுக்குள் கருவிகள் வந்த அதே காலத்தில் வீட்டுக்கு வெளியே பெண்களின் தொழிலும் மாறியது. இந்த மாற்றத்தில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

வங்கத்தில் டேங்கியில் நெல் குத்துவது எத்தனையோ ஏழைப் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கு, கூலி தந்த தொழில். அரிசி ஆலைகள் பெருகியபோது வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் சுமை இறங்கியது. கூலிக்குக் குத்திய பெண்ணின் பிழைப்பும் போனது. வசதி என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகத்தோடு வருவதில்லை. இன்று நகரத்தில் ஒரு பெண் காலை எட்டரை மணிக்கு அலுவலகம் புறப்பட முடிகிறதென்றால், பல வீடுகளில் அதற்குக் காரணம் ஏழு மணிக்கே வந்து பாத்திரம் துலக்கும் இன்னொரு பெண். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் அவர்கள் வர இயலாதபோதுதான் பல வீடுகளுக்கு அந்த உழைப்பின் அளவு தெரிந்தது.

வீட்டுத் திறனே தொழிலாக மாறிய வரலாறும் உண்டு. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் தேய்க்கத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பளம். பிசைந்த மாவை வீட்டுக்குக் கொண்டுசென்று தேய்த்து, மறுநாள் அப்பளமாகத் திருப்பித் தந்து கூலி பெறும் முறையை அவர்கள் அமைத்துக்கொண்டனர். பிள்ளையை விட்டு வர முடியாத பெண்ணும் சம்பாதிக்க முடிந்தது. அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அகமதாபாத்தில் இலா பட் அவர்கள் 1972ஆம் ஆண்டில் சுயதொழில் மகளிர் சங்கமான சேவாவை நிறுவினார். காய்கறி விற்போரும் பீடி சுற்றுவோரும் பழந்துணி விற்போரும் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. 1974ஆம் ஆண்டில் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்தித் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினர். எழுதப் படிக்கத் தெரியாதவர் வங்கி நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, கையெழுத்துக்குப் பதிலாக உறுப்பினரின் புகைப்படத்தை அடையாளமாகக் கொண்டு அவர்கள் விடை கண்டனர். 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி 500 சுய உதவிக் குழுக்களோடு சோதனை முறையில் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம், இந்த நம்பிக்கையை நாடெங்கும் கொண்டுசென்றது.

அலுவலகப் பணிகளில் சட்டமும் துணைநின்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அளித்த 12 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 2017ஆம் ஆண்டின் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாயிற்று. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுள் உழைக்கும் மக்கள்தொகையில் சேர்ந்தோர் 2017-18ஆம் ஆண்டில் 23.3 விழுக்காடு, 2023-24ஆம் ஆண்டில் 41.7 விழுக்காடு என்று அரசின் தொழிலாளர் ஆய்வு கூறுகிறது. இந்த உயர்வில் பெரும்பங்கு ஊரகத்தில், சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ உழைக்கும் பெண்களால் வந்தது. அவர்களுள் பலருக்கு மாத இறுதியில் கையில் பணம் வருவதில்லை. வேலை உண்டு, ஊதியம் என்ற பெயர் இல்லை.

நீதிமன்றங்கள் போட்ட விலை

இல்லத்தரசியின் உழைப்புக்குப் பணமதிப்பு உண்டா? இக்கேள்விக்கு முதலில் விடை தேட வேண்டிய நிலை நீதிமன்றங்களுக்கே வந்தது. விபத்தில் இல்லத்தரசி இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்று கணக்கிட்டாக வேண்டும் அல்லவா?

2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போரோடும் சிறைக் கைதிகளோடும் சேர்த்துப் பொருளீட்டாதோர் பட்டியலில் வைத்திருப்பதைக் கடுமையாகக் குறைகூறியது. 2021 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில், நாம் மேலே கண்ட 299 நிமிடக் கணக்கையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது அவருடைய உழைப்புக்கும் தியாகத்துக்கும் தரும் அங்கீகாரம் என்று விளக்கியது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னொரு படி முன்னேறியது. கணவர் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி இங்கே குடும்பத்தைக் காத்த வழக்கு அது. வீட்டைக் காக்கும் மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவர் பொருளீட்டியிருக்க முடியாது. ஆகவே அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்புகளில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு பெண் இறந்தபின்போ குடும்பம் பிரிந்தபின்போதான் அவள் உழைப்புக்கு விலை போடப்பட்டது. உயிரோடும் உறவோடும் இருக்கும்போதே அந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் குடும்பத்தினரே.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு

வருமானம் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பெண்களிடம் சேமிப்பு இருந்தது என்பதை 2016 நவம்பரில் நாங்கள் கண்ணாரக் கண்டோம். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டபின், அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் இருந்த பணம் கவுன்டருக்கு வந்தது. மளிகைச் செலவில் மிச்சம் பிடித்தது, பிறந்த வீட்டுச் சீர், தையல் கூலி எனப் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். கணவருக்குத் தெரியாமல் செலுத்த வழியுண்டா என்று தயங்கிக் கேட்டவர்களை எங்களால் மறக்க முடியவில்லை. ஒளித்துவைத்த குற்ற உணர்வு அவர்கள் முகத்தில் இருந்தது. உண்மையில் அது குடும்பத்தின் அவசர காலத்துக்கென்றே அவர்கள் காத்த பணம். அக்காலத்தில் இல்லத்தரசி ஒருவர் செலுத்திய ரொக்கம் பற்றிய வழக்கில், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021ஆம் ஆண்டில், 2.5 லட்சம் ரூபாய் வரையிலான அத்தகைய சேமிப்பைக் கணக்கில் காட்டாத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அதன்பின் நிலை மாறிவருகிறது. தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 2015-16ஆம் ஆண்டில் 53 விழுக்காடு. 2019-21ஆம் ஆண்டில் 78.6 விழுக்காடு. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் கணக்குகளிலும் பாதிக்கு மேற்பட்டவை பெண்களுடையவை. ‘தாமே பயன்படுத்தும்’ என்ற சொற்களை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பெயர் மனைவியுடையதாகவும், ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப் பையிலும், கைபேசி எண் மகனுடையதாகவும் இருக்கும் கணக்கை அப்பெண்ணின் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் செய்யக்கூடியவை

மேற்கண்டவற்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புபவை சில.

முதலாவது, குடும்பத்துப் பெண் ஒவ்வொருவருக்கும் சொந்தச் சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். அதில் அவருடைய கைபேசி எண்ணே பதிவாகட்டும். ரகசிய எண்ணை அவர் மட்டுமே அறியட்டும். வீட்டுச் செலவில் அவர் மிச்சம் பிடிப்பது அவருடைய சேமிப்பே.

இரண்டாவது, வீடோ மனையோ வாங்கும்போது பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேர்ப்பதை எண்ணிப்பாருங்கள். நீதிமன்றம் சென்று நிலைநாட்ட வேண்டிய உரிமை தொடக்கத்திலேயே எழுத்தில் அமைந்துவிடும். பொருளாதாரப் பயனும் உண்டு. தில்லியில் பெண் பெயரில் பதிவாகும் சொத்துக்கு முத்திரைத் தீர்வை ஆணுக்கானதைக் காட்டிலும் குறைவு. மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு ஒரு விழுக்காடு சலுகை உண்டு. பெண்களுக்கு வீட்டுக் கடன் வட்டியில் சிறு தள்ளுபடி தரும் வங்கிகளும் பல.

மூன்றாவது, காப்பீடு சம்பாதிப்பவருக்கு மட்டுமே தேவை என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். ஆண்டுக்கு 220 நாள் வேலையைச் செய்பவர் ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தால் குடும்பத்துக்கு ஏற்படும் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

நான்காவது, வீட்டிலிருந்தே மாவு, ஊறுகாய், தையல், தனிப்பயிற்சி என ஏதேனும் தொழில் செய்யும் பெண்கள், சிறிதாயினும் கணக்கு எழுதிவையுங்கள். வரும் பணத்தை வங்கி வழியே பெறுங்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. உங்கள் கணக்கேடே உங்கள் தொழிலுக்குச் சான்று.

ஐந்தாவது, பணம் செலவில்லாத யோசனை. அடுத்த முறை கடையில் சலவை இயந்திரமோ பாத்திரம் கழுவும் இயந்திரமோ வாங்கும்போது, விலையையும் மின்செலவையும் கேட்பதோடு ஒரு கேள்வியை வீட்டிலும் கேளுங்கள்: இதனால் மிச்சமாகும் நேரம் யாருக்கு? அதில் துணியைப் போடுவது யார், எடுத்துக் காயவைப்பது யார், மடித்து அடுக்குவது யார்? விடை ஒரே பெயராக இருந்தால், வாங்கிய கருவியின் பயனில் பாதி இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள்.

மாவு விற்பனை

நாட்காட்டித் தாள்களோடு வந்த வாடிக்கையாளரிடம் அன்று இன்னொரு கேள்வியும் கேட்டோம். பெரிய கிரைண்டர் வந்தால் மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வீர்கள்? “இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்குவேன் சார்” என்றார். நான்கு மணிக்கு எழுந்திருப்பவர் அவர்.

ஓராண்டு கழித்துக் கடனைப் புதுப்பிக்க வந்தபோது, இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். நான்கு மணிக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார். மாவு கேட்கும் வீடுகள் இரட்டிப்பாகிவிட்டனவாம். கேட்டதும் எங்களுக்குச் சற்று வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் தொடர்ந்தார்: அரிசி களைந்து ஊறவைப்பதும், அரைத்தபின் கிரைண்டரைக் கழுவிவைப்பதும் இப்போது கணவருடைய வேலை. மகள் பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு வீடுகளுக்கு மாவு கொடுத்துவிடுகிறாள். வரும் பணம் தம் கணக்குக்கே வருகிறது.

தூக்கத்துக்கென்று அவர் எண்ணிய ஒன்றரை மணி நேரம் அவருக்குத் தூக்கமாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அது எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அது பதிவாகியிருந்தது. புதுப்பித்தல் படிவத்தை இம்முறை அவரே நிரப்பினார். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘மாவு விற்பனை’ என்று எழுதினார். ‘மாத வருமானம்’ என்ற இடத்தில் சற்று நிறுத்தி, நாட்காட்டித் தாள்களைப் பார்த்துக் கூட்டி, ஓர் எண்ணை எழுதினார்.